வீட்டோடு ஊர் மாறும் நாள்: கிராண்ட் கேன்யனிலிருந்து பேஜ் வரை ஆர்.வி.யில் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் தென்மேற்குப் பக்கம் சுற்றப் போகிறோம் என்றால், எங்கே தங்குவீர்கள், என்னென்ன பார்ப்பீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஒரு கேம்ப்கிரவுண்டை, அதாவது வண்டியை நிறுத்தித் தங்கும் மைதானத்தை, காலி செய்துவிட்டு அடுத்ததுக்குப் போகிற அந்த ஒரு நாளைப் பற்றி முன்கூட்டி யாரும் கேட்பதில்லை. வண்டியை வாடகைக்கு எடுத்து, முதல் முறை இடம் மாறும் அன்று காலையில்தான் பதறிப்போய் போன் செய்வார்கள். அப்படி வந்த கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்கள் இவை.

உதாரணத்துக்கு ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் தென்விளிம்பில் இருக்கும் மேத்தர் கேம்ப்கிரவுண்டிலிருந்து, பேஜ் ஊரை அடுத்த வாவீப் கேம்ப்கிரவுண்ட் வரை. வண்டி 25 அடி நீள கிளாஸ் சி. ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை துருத்திக்கொண்டு நிற்குமே, அந்த வகை. உள்ளே நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மதுரையிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்த அம்மா.

140 மைல்தானே, மூன்று மணி நேரத்தில் போய்விடலாமே. எதற்கு ஒரு முழு நாள்?

காரில் போனால் மூன்று மணி நேரம் சரிதான். நாங்கள் காலை ஆறரைக்கு எழுந்தோம். சைட்டை, அதாவது எங்களுக்கு ஒதுக்கிய இடத்தை, விட்டு வண்டி நகர்ந்தபோது மணி பத்தே கால். கழிவுநீர் கொட்டும் டம்ப் ஸ்டேஷனை விட்டு வெளியே வர பதினொன்று. வாவீப்பில் கரண்ட் பிளக்கைச் சொருகியபோது நாலே முக்கால். இத்தனைக்கும் நடுவில் சக்கரம் உருண்டது நாலு மணி நேரத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் மூட்டை கட்டுவது, கழிவுநீர் கொட்டுவது, நல்ல தண்ணீர் பிடிப்பது, பெட்ரோல், சாப்பாடு, போய்ச் சேர்ந்ததும் மறுபடி மூட்டை பிரிப்பது.

அதனால் இடம் மாறும் நாளில் வேறு எந்த டிக்கெட்டும் போடாதீர்கள். காலையில் கிராண்ட் கேன்யனில் ஒரு சூரிய உதயம், மதியம் ஆன்டலோப் கேன்யன் டூர், சாயங்காலம் போட் என்று அட்டவணை போட்டுக்கொண்டு வந்த ஒரு நண்பர், மூன்றில் ஒன்றை மட்டும் பார்த்தார். சூரியன் மட்டும் நேரத்துக்கு வந்தது என்றார்.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் நல்லது?

பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளில் 11 மணிக்குள் காலி செய்யச் சொல்வார்கள். எல்லோரும் பத்தே முக்காலுக்குக் கிளம்பி, டம்ப் ஸ்டேஷனில் வரிசை கட்டி நிற்பார்கள். ஒன்பது மணிக்கே அந்த வேலையை முடிப்பவர் புத்திசாலி. நாங்கள் புத்திசாலிகள் இல்லை என்பதை மேலே பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு எங்கள் சைட்டுக்கு முன்னால் ஒரு எல்க் மான் வந்து நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தது. குதிரை உயரம் இருக்கும். அது நகரும்வரை யாரும் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. அதில் முக்கால் மணி நேரம்.

கிளம்பும் முன் என்னதான் அவ்வளவு வேலை?

ஊருக்குக் கிளம்பும்போது அம்மாக்கள் சிலிண்டரை மூடி, மோட்டார் சுவிட்சைப் பார்த்து, பின்கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனைவரை போன பிறகு திரும்பி வந்து பூட்டை இன்னொரு தரம் ஆட்டிப் பார்ப்பார்கள் இல்லையா? அதேதான். வித்தியாசம் என்னவென்றால், பூட்டின வீடு இங்கே 60 மைல் வேகத்தில் நம்மோடு வருகிறது. மேஜை மேல் சும்மா வைத்த டம்ளர் முதல் திருப்பத்திலேயே கீழே இருக்கும்.

உள்ளே: எல்லா அலமாரியும் இழுப்பறையும் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். அடுப்பு மேல் ஒன்றும் இருக்கக் கூடாது. குளியலறைக் கதவு, கூரை ஜன்னல்கள், தண்ணீர் பம்ப் சுவிட்ச். ஸ்லைட் உள்ள வண்டி என்றால், அதாவது பக்கவாட்டுச் சுவர் வெளியே நீண்டு அறையைப் பெரிதாக்கும் வகை என்றால், அதை உள்ளே இழுக்கும் முன் தரையில் செருப்போ பொம்மையோ கிடக்கிறதா என்று பாருங்கள். வெளியே: படிக்கட்டு மடிந்திருக்கிறதா, டிவி ஆன்டெனா இறங்கியிருக்கிறதா, சக்கரத்துக்கு அடியில் வைத்த மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளை எடுத்தாயிற்றா, சாமான் அறைகளின் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா.

லிஸ்ட் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் எங்களுக்குப் பாடம் புகட்டியது லிஸ்ட் அல்ல, இட்லி மாவு.

முதல் பயணத்தில் ஃபிரிட்ஜ் கதவின் சின்னக் கொக்கியை யாரும் மாட்டவில்லை. நான் மாட்டினேன் என்று மனைவி நினைத்திருக்கிறாள், அவள் மாட்டினாள் என்று நான். பூங்காவுக்குள் கிழக்கே போகும் டெசர்ட் வியூ சாலையில் ஒரு வளைவு திரும்பும்போது பின்னால் 'தொப்' என்று ஒரு சத்தம். "மாவு!" என்றார்கள் அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல். சாலையோரம் நிறுத்த இடமே இல்லை. அடுத்த ஒதுக்கிடம் வருவதற்குள் அந்த மாவு இரண்டு வளைவுகளில் இடமும் வலமும் ஓடி, சாப்பாட்டு மேஜையின் கால் ஆணிகளுக்குள் இறங்கிவிட்டது. நல்ல பொங்கின மாவு வேறு. மூன்று நாள் வண்டிக்குள் புளிப்பு வாசம். அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் கொக்கி எங்கள் மகளின் பொறுப்பு. "பூட்டியாச்சு" என்று அவள் சத்தமாகச் சொன்னால்தான் சாவி திருகுவேன்.

ஆளுக்கொரு வேலை, அதை வாயால் சொல்ல வேண்டும். கடைசியில் ஓட்டப்போகிறவர் தனியாக வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அந்த ஒரு நிமிடம் அவரிடம் யாரும் பேசக் கூடாது.

கழிவுத் தொட்டியைக் காலி செய்வது... அது நாமேதான் செய்ய வேண்டுமா?

நாமேதான். ஆள் வைக்க முடியாது. இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எல்லோர் குரலும் கொஞ்சம் தாழ்ந்துவிடும். நினைப்பதில் பாதிகூட மோசமில்லை, பத்து நிமிட வேலை.

வண்டியின் அடியில் இரண்டு தொட்டிகள் இருக்கும். கழிப்பறையிலிருந்து வருவது பிளாக் டேங்க். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் போவது கிரே டேங்க். மேத்தரில் சைட்டுக்குச் சைட் கரண்டோ தண்ணீரோ கழிவுக் குழாயோ கிடையாது. அதனால் போகும் வழியில் டம்ப் ஸ்டேஷனில் நிறுத்தித்தான் கொட்ட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பருமனான ஹோஸை வண்டியில் மாட்டித் திருகி, மறுமுனையைத் தரையில் இருக்கும் துவாரத்துக்குள் நன்றாக இறக்கி, அது துள்ளி வெளியே வராதபடி ஒரு கல்லோ காலோ வையுங்கள். முதலில் பிளாக், அது முழுதாக வடிந்ததும் கிரே. இந்த வரிசை மாறக் கூடாது. பின்னால் வரும் சோப்புத் தண்ணீர்தான் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். அப்புறம் இரண்டு வால்வையும் மூடிவிட்டு, ஹோஸை வண்டிப் பக்கம் கழற்றித் தூக்கிப் பிடித்து வடித்துவிடுங்கள்.

மாட்டும் முன் மூடியைக் கழற்றும்போது கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். வால்வு லேசாகக் கசிந்திருந்தால் உள்ளே ஒரு டம்ளர் காத்துக்கொண்டிருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இன்னொன்று: கழிவுக் குழாய் வசதியுள்ள சைட்டில் தங்கும்போது, எப்படியும் மாட்டித்தானே இருக்கிறது என்று பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைக்காதீர்கள். தண்ணீர் மட்டும் வடிந்துபோய், கெட்டியானது தொட்டிக்குள்ளேயே குவிந்து இறுகிவிடும். தொட்டி ஓரளவு நிரம்பியபின் ஒரே தடவையாகத் திறந்தால்தான் எல்லாம் அடித்துக்கொண்டு போகும்.

நல்ல தண்ணீரை நிரப்பிக்கொண்டு போக வேண்டுமா?

அன்றிரவு தங்கும் இடத்தில் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். வாவீப்பில் இருந்தது, அதனால் கால் தொட்டி மட்டும் வைத்துக்கொண்டோம். 40 காலன் தண்ணீர் 150 கிலோ எடை, இரண்டு பெரிய ஆட்கள் கூட ஏறிய மாதிரி. ஒரு எச்சரிக்கை மட்டும். டம்ப் ஸ்டேஷனில் ஹோஸ் கழுவ ஒரு குழாய், குடிநீருக்கு வேறு குழாய் என்று இருக்கும். போர்டைப் படித்துவிட்டுப் பிடியுங்கள்.

ஓடும்போது கேஸை மூட வேண்டுமா? ஃபிரிட்ஜ் என்ன ஆகும்?

ஆர்.வி. ஃபிரிட்ஜ்கள் பலவும் கரண்ட் இல்லாதபோது புரொப்பேன் கேஸில் ஓடும். ஓட்டும்போதும் எரியவிட்டுப் போகிறவர்கள் நிறைய. நான் மூடிவிடுவேன். கதவைத் திறக்காமல் இருந்தால் நாலைந்து மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். பெட்ரோல் போடும்போது மட்டும் இதில் விவாதமே வேண்டாம், கேஸ் மூடியிருக்க வேண்டும்.

ஓடும் வண்டியில் எழுந்து நடக்கலாமா? படுக்கலாமா? பாத்ரூம்?

வேண்டாம். எல்லோரும் பெல்ட் போட்டு இருக்கையில். படுக்கை, பாத்ரூம் எல்லாம் நின்ற பிறகு. "அப்புறம் எதுக்குடா இதுக்குள்ள இதெல்லாம் வெச்சான்?" என்று அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நடுவழியில் எங்கே நிறுத்தினாலும் சொந்தக் கழிப்பறை இருக்கிறது என்பது, 60 மைலுக்கு ஒரு கட்டடம்கூட இல்லாத ஊரில் பெரிய விஷயம்.

இவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுவது கஷ்டமா?

சாதாரண கார் லைசென்ஸ் போதும். நேர் சாலையில் பயமே இல்லை, அரை மணியில் பழகிவிடும். தொல்லை மூன்று இடத்தில்.

முதலாவது, பின்பக்கம். பின் சக்கரத்துக்குப் பின்னால் பல அடி நீளம் நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் இடப்பக்கம் திருப்பினால் அந்த வால் வலப்பக்கமாக வீசும். ஒரு பெட்ரோல் பங்கில் பம்ப்பை ஒட்டி நிறுத்திவிட்டு, கிளம்பும்போது சட்டென்று திருப்பினேன். பக்கத்தில் நட்டிருந்த மஞ்சள் இரும்புத் தூண் பின் விளக்கைப் பதம் பார்த்தது. வண்டிக்குக் கொடுத்த டெபாசிட்டில் ஒரு பகுதி அங்கேயே போயிற்று. நேராக ஒரு வண்டி நீளம் வெளியே வந்த பிறகுதான் திருப்ப வேண்டும்.

இரண்டாவது, இறக்கம். தென்விளிம்பு கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், டெசர்ட் வியூ அதைவிடக் கொஞ்சம் கூட. அங்கிருந்து கேமரன் என்ற ஊர் வருவதற்குள் சாலை 3,000 அடிக்கு மேல் இறங்குகிறது. பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் பிரேக் சூடேறி வலுவிழக்கும். கியர் தண்டில் இருக்கும் 'டோ ஹால்' பொத்தானை அழுத்திவிடுங்கள். கியர் தானாகக் குறைந்து எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சின் உறுமும், பயப்படாதீர்கள். இந்த இறக்கத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை உண்டு. ஃபீனிக்ஸில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே பலூன் போல உப்பியிருந்தது, இறங்க இறங்கச் சுருங்கிக்கொண்டே வந்தது. மேலே குடித்துவிட்டு மூடி வைத்த தண்ணீர் பாட்டில் கேமரனில் யாரோ கசக்கிய மாதிரி சப்பிப்போயிருந்தது.

மூன்றாவது, காற்று. 89-ஆம் நெடுஞ்சாலை மரமில்லாத வெட்டவெளி. வசந்த காலத்தில் காற்று பக்கவாட்டில் அறையும். பெரிய லாரி கடந்து போகும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. பலத்த காற்று எச்சரிக்கை வந்தால் கிளம்பாமலே இருந்துவிடுங்கள். ஒரு நாள் வாடகை போனால் போகட்டும்.

எந்த வழியாகப் போக வேண்டும்?

64-ஆம் சாலையில் கிழக்கே, கேமரனுக்கு அருகில் 89-ஐப் பிடித்து நேரே வடக்கே. தொலைபேசி மேப்பை நம்பலாம், ஆனால் அதற்கு நம் வண்டியின் உயரம் தெரியாது. கூரை ஏ.சி.யோடு சேர்த்து உங்கள் வண்டி எத்தனை அடி என்பதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். பேஜ் ஊருக்குத் தெற்கே இந்த 89 சாலையின் ஒரு பகுதி 2013 பிப்ரவரியில் மண் சரிந்து பிளந்துபோய், 2015-ல்தான் மறுபடி திறந்தார்கள். இரண்டு வருடம் எல்லோரும் சுற்றிப் போனார்கள். அதனால் கிளம்பும் காலையில் அரிசோனா போக்குவரத்துத் துறையின் சாலை நிலவரத்தை ஒரு பார்வை பார்ப்பது என் பழக்கம்.

வழியில் எங்கே நிறுத்தலாம்?

டெசர்ட் வியூ. மேரி கோல்ட்டர் வடிவமைத்து 1932-ல் கட்டி முடித்த 70 அடி கல் கோபுரம் அங்கே இருக்கிறது. பெரிய வண்டிகளுக்கு நிறுத்துமிடமும் உண்டு. அப்புறம் கேமரன். 1916-லிருந்து நடக்கும் வணிக நிலையம், சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் அங்கே கிடைக்கும். நவாஹோ டாக்கோ என்று ஒன்று தருவார்கள். எண்ணெயில் பொரித்த ரொட்டி மேல் பீன்ஸ், கறி, சீஸ். ரொட்டியைப் பிய்த்துப் பார்த்த அம்மா, "நம்ம சோளா பூரிதானே" என்றார்கள். மேலே போட்டதையெல்லாம் ஒதுக்கிவிட்டு எலுமிச்சை ஊறுகாயோடு சாப்பிட்டார்கள்.

கொலராடோ நதி குதிரை லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டு பேஜுக்குச் சற்று முன்னால் சாலையோரத்திலேயே வரும். ஆசையாகத்தான் இருக்கும். மதியத்தில் அங்கே பெரிய வண்டிக்கு இடம் தேடுவது வீண். வாவீப்பில் இறங்கிவிட்டு மறுநாள் விடிகாலையில் வாருங்கள்.

கிராண்ட் கேன்யன் பூங்காவைத் தாண்டிய பிறகு பேஜ் வரை பெரும்பாலும் நவாஹோ நேஷன் நிலம், அதாவது நவாஹோ பழங்குடி மக்கள் தாங்களே ஆளும் பகுதி. அங்கே மது விற்பதும் வைத்திருப்பதும் அவர்கள் சட்டப்படி தடை. ஃபிரிட்ஜில் பீர் வைத்திருப்பவர்கள் கவனிக்க.

போனில் மணி திடீரென்று ஒரு மணி நேரம் மாறிவிட்டது. ரிப்பேரா?

இல்லை. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, நவாஹோ நேஷன் மாற்றும். அதனால் மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை கேமரனில் ஒரு மணி, பேஜில் வேறு மணி. நவாஹோ நிலத்துக்கு நடுவே இருக்கும் ஹோப்பி என்ற இன்னொரு பழங்குடியின் நிலத்தில் மறுபடி அரிசோனா மணி! எங்கள் போன்கள் அன்று நாலு தடவை மனம் மாறின. ஒரு கைக்கடிகாரத்தை ஃபீனிக்ஸ் நேரத்தில் வைத்து அதை மட்டும் நம்புங்கள். டூர் முன்பதிவு செய்யும்போது எந்த மணி என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

பெட்ரோல் எவ்வளவு குடிக்கும்?

காலனுக்கு எட்டு முதல் பத்து மைல். தொட்டி பெரிது, 55 காலன் வரை. கால் தொட்டிக்குக் கீழே போகவிடாதீர்கள். ஜெனரேட்டரும் அதே தொட்டியிலிருந்துதான் குடிக்கும், கால் அளவுக்குக் கீழே போனால் அது நின்றுவிடும்.

அன்றைக்குச் சமையல்?

முந்தின இரவே முடித்துவிடுங்கள். எங்களுக்குப் புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். 7,000 அடியில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் சூடு குறைவு. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. குக்கரிலும் இரண்டு விசில் கூட விட வேண்டும். தாளிக்கும் முன் கூரை விசிறியைப் போடுங்கள். புகை அலாரம் அடுப்புக்கு நாலடி தூரத்தில் இருக்கிறது, அதற்குக் கடுகு பிடிக்காது.

போய்ச் சேர்ந்ததும் முதலில் என்ன செய்வது?

பேஜ் ஊர் 1957-ல் கிளென் கேன்யன் அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக உருவானது. வாவீப் போக அணையை ஒட்டிய பாலத்தைத் தாண்ட வேண்டும். கீழே 700 அடி ஆழத்தில் கொலராடோ நதி. ஓட்டுபவர் பார்க்காமல் இருப்பது நல்லது.

சைட்டுக்கு முன் நிறுத்தி இறங்கி ஒரு தரம் நடந்து பாருங்கள். கரண்ட் பெட்டி எந்தப் பக்கம், குழாய் எங்கே, தாழ்ந்த கிளை இருக்கிறதா. பின்னோக்கி ஏற்றும்போது வெளியே நிற்பவர் கை காட்டுவதைவிட போனில் பேசுவது மேல். கண்ணாடியில் அவர் தெரியாவிட்டாலும் குரல் கேட்கும். நாங்கள் பஸ் கண்டக்டர் பாஷையையே வைத்துக்கொண்டோம்: "வரலாம்... வரலாம்... ஹோல்டான்!" பக்கத்து சைட்டில் இருந்த வெள்ளைக்காரத் தாத்தா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ரசித்தார்.

வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பார்த்து, சாய்ந்த பக்கச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அப்புறம் கரண்ட். பெட்டியில் பிரேக்கரை அணைத்துவிட்டுப் பிளக்கைச் சொருகி, பிறகு போடுங்கள். 30 ஆம்ப் இணைப்பு என்றால் மொத்தம் 3,600 வாட்தான். ஏ.சி. ஓடும்போது அம்மா இண்டக்‌ஷன் அடுப்பையும் நான் மைக்ரோவேவையும் ஒரே நேரத்தில் போட்டோம். எல்லாம் இருண்டது. மதுரைக்காரர்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

வழியில் தாமதமாகி இருட்டிவிட்டால்?

இரவு பத்துக்கு மேல் பெரும்பாலான இடங்களில் அமைதி நேரம். ஸ்லைட், ஜெனரேட்டர், "ஹோல்டான்" எதுவும் கூடாது. கரண்ட் பிளக்கை மட்டும் சொருகிவிட்டுப் படுங்கள், மற்றதைக் காலையில் பார்க்கலாம். அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் செய்தால் சைட் எண்ணைக் கதவில் ஒட்டி வைப்பது உண்டு.

அடுத்து பேஜிலிருந்து யூட்டாவின் ஜயான் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். அதுவும் இதே மாதிரிதானா?

மூட்டை கட்டுவது அதேதான், வழி மட்டும் யோசிக்க வேண்டும். மேப் உங்களைக் கிழக்கு வாசல் வழியாக, 1930-ல் திறந்த ஒரு மைலுக்கு மேல் நீளமுள்ள மலைச்சுரங்கத்துக்குள் அனுப்பும். அந்தக் காலத்துக் கார்களுக்கு வெட்டிய வளைவுக் கூரை அது. பெரிய வண்டி நடுவில்தான் போக முடியும். 11 அடி 4 அங்குல உயரத்தையோ 7 அடி 10 அங்குல அகலத்தையோ எட்டும் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. வாடகை ஆர்.வி. அநேகமாக எல்லாம் அந்தக் கணக்கில் வந்துவிடும். கனாப், ஃப்ரெடோனியா, ஹரிக்கேன் வழியாகச் சுற்றி ஸ்பிரிங்டேல் பக்கம் நுழையுங்கள். நேரம் கூடும். நாங்கள் அப்படித்தான் போனோம். கனாப்பில் நிறுத்தி மாவுக்கு உளுந்து தேடினோம், கிடைக்கவில்லை.